இலவசப் பாடங்களும் திறந்த உரிமமும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டங்களில் திறந்த கல்வி வளங்களைப் பற்றிப் பேச எழுந்தால், பேச்சு முடிவதற்குள் வழக்கமான கேள்விகள் வந்துவிடும். சில கேள்விகள் தேநீர் இடைவேளையில், குரலைத் தாழ்த்திக் கேட்கப்படுபவை. கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் அந்தப் பகுதிகளைத் தங்கள் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.

திறந்த கல்வி வளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடப் புத்தகத்தைத்தானே?

இல்லை. இலவசமாகக் கிடைப்பது அதன் ஒரு பகுதிதான். எடுத்து வைத்துக்கொள்ளவும், வகுப்பில் பயன்படுத்தவும், நமக்கேற்ப மாற்றவும், வேறொன்றோடு சேர்க்கவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் ஆக்கியவரே முன்கூட்டி எழுத்தில் அனுமதி தந்திருந்தால் அது திறந்த வளம். இந்த ஐந்து அனுமதிகளையும் இப்படி வகுத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 2019-இல் யுனெஸ்கோ பொதுமாநாடு இதை உறுப்பு நாடுகளுக்கான பரிந்துரையாகவே ஏற்றது.

மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் புத்தகங்களை யாரும் பதிவிறக்கலாம். ஆனால் முதல் சில பக்கங்களைப் புரட்டினால், முன் அனுமதியின்றி எந்தப் பகுதியையும் மறுவெளியீடு செய்யக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அதை வைத்துப் பாடம் நடத்தலாம். ஓர் அத்தியாயத்தைத் திருத்திக் கையேடாக வெளியிட முடியாது. அதே என்சிஇஆர்டி 2013-இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு அந்த அனுமதி உண்டு. ஒரே நிறுவனம், இரண்டு விதம். எனவே வெளியிட்டவர் யார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரிம வரியைத் தேடிப் படியுங்கள்.

படிக்கக் கிடைத்தால் போதாதா? மாற்றுகிற உரிமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

நீங்கள் தினமும் வாயால் செய்வதைத் தாளில் செய்யப் போகிறீர்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-இல் வெளியிட்ட கல்லூரி இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். உந்தம் பற்றிய முதல் எடுத்துக்காட்டில் 110 கிலோகிராம் நிறையுள்ள அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடி வருவார். அந்த விளையாட்டை நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. பந்தைக் காலால் உதைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதை விளக்குவதிலேயே பாடவேளை போய்விடும். அவரைக் கபடி வீரராக்குங்கள்: 70 கிலோகிராம், வினாடிக்கு 5 மீட்டர், உந்தம் 350. பாடிக்கொண்டு வருபவரைப் பிடிப்பவர்கள் ஏன் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பிடிக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். உரிமம் திறந்திருப்பதால், இப்படி மாற்றிய பக்கத்தை அச்சிட்டுப் பக்கத்து ஒன்றியத்துக்கும் கொடுக்கலாம்.

பருவங்கள் பற்றிய பாடமும் அப்படித்தான். இலை உதிர்ந்து, பனி கொட்டி, வசந்தத்தில் துளிர்க்கும் நான்கு பருவப் படத்தை ராமநாதபுரத்துப் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைவதை அதே இடத்தில் வைத்தால் மனப்பாடம் தேவைப்படாது.

தமிழுக்குள்ளேயே இந்தத் தேவை இருக்கிறது. நாம் முடுக்கம் என்று நடத்துவது இலங்கைப் பாடநூலில் ஆர்முடுகல். ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு. செல் அங்கே கலம். மதுரையில் ஒருவர் எழுதிய நல்ல பயிற்சித் தாள் யாழ்ப்பாணத்தில் அப்படியே செல்லாது. கலைச்சொற்களை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தால் ஒரு மாலை நேர வேலை. இல்லாவிட்டால் முழுவதையும் புதிதாக எழுத வேண்டும்.

படத்துக்குக் கீழே வட்டத்துக்குள் ஏதேதோ சின்னங்கள் இருக்கின்றன. எதை எடுக்கலாம், எது வம்பு?

அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள்: ஆக்கியவர் தன் ஆக்கத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆயத்த உரிமங்கள். முதல் தொகுதி 2002 டிசம்பரில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013-இல் வெளியான 4.0 பதிப்பு. ஆள் உருவம் இருந்தால் ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். வளைந்து திரும்பும் அம்பு (அதேபோல் பகிர்தல்) இருந்தால், நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். குறுக்குக் கோடு போட்ட டாலர் குறி இருந்தால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. சமக் குறி இருந்தால் மாற்றியதைப் பகிரக் கூடாது. இவற்றின் சேர்க்கைகள்தாம் ஆறு உரிமங்கள். சுழியம் மட்டும் இருந்தால் எந்த நிபந்தனையும் இல்லை.

சமக் குறி உள்ளதை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கலாம். ஆனால் நாம் மேலே பேசிய எதையும் அதை வைத்துச் செய்ய முடியாது. அதனால்தான் சமக் குறி உள்ளவற்றைத் திறந்த கல்வி வளம் என்று பலரும் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. எந்தச் சின்னமும் இல்லையென்றால் எல்லா உரிமையும் ஆக்கியவருக்கே என்று பொருள். 'ஒன்றும் போடவில்லையே, அதனால் எடுத்தேன்' என்பது எங்கும் எடுபடாது.

'நன்றி: கூகுள்' என்று போட்டால் போதுமா?

போதாது. கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை, வரையவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். கூகுள் படத் தேடலின் கருவிகளில் பயன்பாட்டு உரிமை என்றொரு வடிகட்டி இருக்கிறது. அதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். பிறகு படம் இருக்கும் மூலப் பக்கத்துக்கே போய் உரிமத்தைச் சரிபாருங்கள்.

நன்றி வரியில் நான்கு செய்திகள் வேண்டும்: தலைப்பு, ஆக்கியவர், எடுத்த இடம், உரிமம். மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் இப்படி எழுதலாம்: 'செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டு. ஆக்கியவர்: (அந்தப் பக்கத்தில் உள்ள பெயர், புனைபெயரானாலும் அப்படியே). விக்கிமீடியா பொதுவகம். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0. தமிழ்ப் பெயர்கள் என்னால் சேர்க்கப்பட்டவை.' பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் தொகுத்துக் கொடுக்கலாம். உரிமம் அதை அனுமதிக்கிறது.

எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது? தமிழில் என்ன இருக்கிறது?

இலக்கியத்தில் நாம் முந்திக்கொண்டோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை தட்டச்சு செய்து ஏற்றினார்கள். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பகிரலாம் என்பது அதன் நிபந்தனை. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. அங்கே எல்லாமே திறந்த உரிமத்தில் இல்லை என்பதால் நூல்தோறும் பாருங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன் உடன்பிறப்புகளான விக்சனரியும் விக்கிமூலமும் அதேபோல் பகிர்தல் உரிமத்தில் இருக்கின்றன. 2012 முதல் வரும் கணியம் இதழில் கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் கிடைக்கும்.

தொடக்கப் பள்ளிக்கு, பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவரைவிட உதவியானது வேறொன்றை நான் பார்க்கவில்லை. வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த படக்கதைகள், தமிழிலும் ஏராளமாக உள்ளன; பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமம். ஒரு கதையை எடுத்து வாக்கியங்களைச் சுருக்கி எளிய நிலைக்கு இறக்கும் வசதி தளத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரே படங்களோடு இரண்டு கதைகளை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். கணினிப் பயிற்சிக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலில் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில், திரையில் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள் சிலவற்றில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

பலவீனம் எங்கே என்றால், மேல்நிலை அறிவியலிலும் கல்லூரிப் பாடங்களிலும். தமிழ்வழியில் பிளஸ் டூ வேதியியல் படிக்கும் மாணவர் பாடநூலை விட்டால் வணிக வழிகாட்டிகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பள்ளத்தை ஆங்கில வளங்களை மாற்றி எழுதித்தான் சீக்கிரம் நிரப்ப முடியும்.

இதில் ஆசிரியருக்கு லாபம் இருக்கிறது, சரி. படிக்கிற பிள்ளைக்கு என்ன?

புத்தகம் கைவிட்டுப் போகாது. கட்டணச் செயலியில் சந்தா முடிந்த மறுநாள் பாடமும் பயிற்சியும் மூடப்பட்டுவிடும். திறந்த வளத்தைத் தேர்வு முடிந்த பிறகும், படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன பிறகும் வைத்துக்கொள்ளலாம். 2003-இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் காணொலிப் பாடங்களை, எந்த ஊரில் எந்தக் கல்லூரியில் படிப்பவரும், கல்லூரிக்கே போகாதவரும், அதே ஐஐடி ஆசிரியரின் வாயால் கேட்கலாம்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைகளே பங்களிக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஓர் ஆங்கிலப் படக்கதையைத் தமிழாக்கி ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டுவது, எந்த மொழிப்பாடப் பயிற்சியையும்விட அதிகமான அகராதிப் புரட்டலை உண்டாக்கும். தவறாக எழுதினால் சின்னப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள் என்ற பயமே போதும்.

பாரதியார் பாட்டைக் கையேட்டில் சேர்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

யாரிடமும் வேண்டாம். இந்தியாவில் எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். கல்கி 1954-இல் மறைந்தார். 2014 முடிந்ததோடு அவருடைய எழுத்துகளின் காலக்கெடுவும் முடிந்தது. பாரதியார் மறைந்தது 1921-இல். அவர் விஷயத்தில் கெடு முடியும் வரை காத்திருக்கவும் இல்லை. 1949-இலேயே சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கி, பின்னர் பொதுமக்களுக்கு விட்டுவிட்டது. குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு இன்றும் தொடர்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில் நம் ஊரில் நடந்த வேலை இது. ஆசிரியர்களே இதை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமை.

பாட்டு பொதுச் சொத்து என்றாலும் அதற்கு ஒருவர் எழுதிய உரை, முன்னுரை, அட்டைப் படம், பாடகரின் ஒலிப்பதிவு ஆகியவை தனித்தனி உரிமைகள். மூலத்தை எடுங்கள், அண்மையில் வந்த பதிப்பின் அடிக்குறிப்புகளை எடுக்காதீர்கள்.

வகுப்பில் பயன்படுத்தச் சட்டமே விலக்குத் தருகிறதே, பிறகு எதற்கு இந்த உரிமமெல்லாம்?

விலக்கு இருப்பது உண்மை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதையும் வினாத்தாளில் சேர்ப்பதையும் மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை விரிவாகவே பொருள்கொண்டது. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பது இதற்குள் அடங்கும் என்றது.

ஆனால் அந்த விலக்கு கற்பித்தலோடு ஒட்டியது. அதே தொகுப்பை யூடியூபில் ஏற்றினால், நூறு பள்ளிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஆசிரியர் சங்கத்தின் பெயரில் அச்சிட்டால், விலக்கு எது வரை நீளும் என்று வாதாட வேண்டியிருக்கும். திறந்த உரிமத்தில் இந்த வாதமே கிடையாது. நம் வேலையில் பாதி இப்போது வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது.

பிடிஎஃப் ஆகத்தானே கொடுக்கிறார்கள்? அதை எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும், கேட்டவர் மேல் அல்ல. மாற்ற அனுமதி கொடுத்துவிட்டு, மாற்ற முடியாத கோப்பைக் கொடுப்பது கண்ணாடி அலமாரிக்குள் பலகாரத்தை வைத்துவிட்டு 'எடுத்துச் சாப்பிடுங்கள்' என்பதைப் போன்றது.

தமிழில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு பழைய வினாத்தாள் பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து வேர்டில் ஒட்டிப் பாருங்கள். பல நேரம் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள்; கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. தேட முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைபடிப்பான் வாசிக்காது. எழுத்துரு மாற்றி வைத்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவரலாம், ஆனால் மாற்றிய பிறகு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சரியான எழுத்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. வினாத்தாள் அடிக்கும் கடைகள் சிலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நீங்கள் வெளியிடும்போது இரண்டு கோப்புகளாகக் கொடுங்கள்: அச்சிட பிடிஎஃப், திருத்த வேர்டு அல்லது லிப்ரெஆபீஸ் கோப்பு. எழுத்துரு நோட்டோ, மீரா இனிமை, கேட்டமரன் போன்று இலவச உரிமத்தில் கிடைப்பதாக இருக்கட்டும். வாங்குபவரின் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியாது.

எங்கள் பள்ளியில் இணையமே ஒழுங்காக வராது. இதெல்லாம் நகரத்துக்காரர்களுக்குத்தானே?

இணையம் இல்லாத இடத்தில்தான் திறந்த உரிமம் அதிகமாக உதவும். வைத்துக்கொள்ளவும் படியெடுக்கவும் அனுமதி இருப்பதால், வீட்டில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கிவைத்து இணையமின்றித் தேடிப் படிக்கலாம். ஸ்டோரிவீவர் கதைகளைப் பிடிஎஃப் ஆக எடுத்து அச்சிடலாம். கணினியும் இல்லையென்றால், அச்சிட்ட தாளை வாசிப்பு மூலையில் தொங்கவிடுவதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

காசு வாங்காமல் கொடுப்பதில் தரம் இருக்குமா? தப்பு இருந்தால் யார் பொறுப்பு?

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை, தேர்வுக்கு முந்தைய வாரம் விற்கும் வழிகாட்டிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மேலே சொன்ன ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களைத் துறைப் பேராசிரியர்கள் எழுதுகிறார்கள், வேறு பேராசிரியர்கள் பரிசீலிக்கிறார்கள். பிழை கண்டால் யாரும் தெரிவிக்கலாம். திருத்தப் பட்டியலைத் தளத்திலேயே பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் சியாவுலா என்ற குழு திறந்த உரிமத்தில் உருவாக்கிய கணித, அறிவியல் புத்தகங்களை அரசே 2012-இல் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கியது.

அதே சமயம் குப்பையும் நிறைய இருக்கிறது. திறந்த உரிமம் தரச் சான்றிதழ் அல்ல. வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன் விடைகளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கட்டண நூலுக்கும் இதையே சொல்வேன். திறந்த வளத்தில் பிழையைக் கண்டால் திருத்தி வெளியிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நான் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த பயிற்சித் தாள். அதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் உழைப்பு, உங்கள் விருப்பம். ஆனால் நடப்பதைப் பாருங்கள். அந்தத் தாளை ஏற்கெனவே ஒரு குழுவில் போட்டிருப்பீர்கள். அங்கிருந்து அது பத்துக் குழுக்களுக்குப் போய், மேல் மூலையில் இருந்த உங்கள் பெயர் வெட்டப்பட்டு, யாரோ ஒருவரின் சேனல் முத்திரை குறுக்கே விழுந்து, உங்களுக்கே திரும்பி வந்திருக்கும். உரிமமில்லாமல் கொடுத்ததால் கிடைத்த பலன் இது.

உரிம வரி போட்டால் திருட்டு நின்றுவிடும் என்று சொல்லவில்லை. நல்லவர்கள் உங்கள் பெயரை வைத்திருப்பார்கள்; கெட்டவர்களிடம் 'பெயரை எடுத்தது உரிம மீறல்' என்று சொல்ல எழுத்தில் ஒரு பிடி கிடைக்கும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. நீங்களே அதைப் பிறகு புத்தகமாக விற்கவும் தடையில்லை.

யாரோ ஒரு கைடு கம்பெனிக்காரர் என் தாளை எடுத்து அச்சிட்டு விற்றால்? 'வணிகம் கூடாது' என்று போட்டுவிடட்டுமா?

பெரும்பாலோர் உடனே அந்தப் பக்கம்தான் போகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எது வணிகம் என்பதில் கோடு தெளிவாக இல்லை: கட்டணம் வாங்கும் மாலை நேர மையம், விளம்பரம் வரும் யூடியூப் சேனல், அடக்க விலைக்குப் புத்தகம் போடும் சிறுபத்திரிகை. நல்லெண்ணம் உள்ளவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். கைடு கம்பெனிக்காரர் உரிம வரியைப் படிக்கவே போவதில்லை.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. வணிகமல்லாத உரிமத்தில் இருந்த கணிதப் பாடங்களைப் பள்ளிகள் ஃபெட்எக்ஸ் நகலகத்தில் காசு கொடுத்துப் படியெடுத்தன. நகலகம் லாபம் பார்க்கிறது என்று கிரேட் மைண்ட்ஸ் என்ற வெளியீட்டாளர் வழக்குப் போட்டார். பள்ளியின் பணியை அதன் சார்பில் செய்ததால் நகலகம் மீறவில்லை என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்திய நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும், நம் ஊர் ஜெராக்ஸ் கடைக் கேள்விக்கும் அந்தத் தர்க்கம் பொருந்துவதாகவே நினைக்கிறேன்.

என் பரிந்துரை அம்புச் சின்னம், அதாவது அதேபோல் பகிர்தல். உங்கள் தாளை மாற்றி எழுதி ஒருவர் விற்றால், அவர் மாற்றி எழுதியதும் அதே திறந்த உரிமத்தில் இருந்தாக வேண்டும். அதை வாங்கிய ஒருவர் இலவசமாகப் பரப்பினால் அவரால் தடுக்க முடியாது. விற்பவருக்கு ஆர்வம் குறைந்துவிடும்.

விக்கிப்பீடியாவிலிருந்து கொஞ்சம், எம்ஐடி பாடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரே பாடமாக எழுதலாமா?

ஆசை நியாயமானது, உரிமம் இடம் கொடுக்காது. விக்கிப்பீடியாவின் உரை அதேபோல் பகிர்தலில் இருக்கிறது. அதிலிருந்து உருவாவது அதே உரிமத்தில் வெளிவர வேண்டும். எம்ஐடி பாடங்கள் வணிகமல்லாத, அதேபோல் பகிர்தல். அதிலிருந்து உருவாவது அந்த உரிமத்தில் வர வேண்டும். ஒரே உரைக்கு இரண்டு உரிமங்களும் ஒரே நேரத்தில் பொருந்தாது. முந்தைய பதிலில் வணிகத் தடையை நான் விரும்பாததற்கு இதுவும் காரணம்.

உரையைக் கலக்காமல், தனித்தனிப் பகுதிகளாக அடுத்தடுத்து வைத்து ஒவ்வொன்றின் கீழும் அதனதன் உரிமத்தைக் குறிப்பிட்டால் அது தொகுப்பு, அதற்குத் தடையில்லை. பெயரை மட்டும் கேட்கும் உரிமத்தில் உள்ளதைச் சமக் குறி இல்லாத எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்கத்தோடும் கலக்கலாம். ஒரு பாடத்தை எழுதத் தொடங்கும் முன்பே எடுக்கப்போவதன் உரிமங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், முடித்த பிறகு பிய்த்துப் போட வேண்டியிருக்காது.

கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தால் என்ன? அதற்கும் அனுமதி வேண்டுமா?

கையால் செய்தாலும் கருவியால் செய்தாலும் மொழிபெயர்ப்பு மாற்றம்தான். சமக் குறி இல்லாத எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் அதை அனுமதிக்கிறது. 'மூலத்திலிருந்து தமிழாக்கப்பட்டது' என்று எழுத வேண்டும். கருவி கொடுக்கும் கலைச்சொற்களைப் பாடநூலோடு ஒப்பிடாமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே பக்கத்தில் திசைவேகமும் வேகமும் ஒன்றாகிவிடும், பிறகு மதிப்பெண் போவது பிள்ளைக்கு.

உரிமம் கொடுத்தவர் திடீரென்று மனம் மாறித் தளத்திலிருந்து எடுத்துவிட்டால்?

ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அவர் இனிமேல் வேறு உரிமத்தில் வெளியிடலாம். உங்களிடம் உள்ள படிக்குப் பழைய உரிமமே செல்லும். ஆனால் அப்படித்தான் இருந்தது என்று காட்ட, பதிவிறக்கிய அன்றே உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். இது உங்களுக்கும் பொருந்தும்: பின்னால் வருந்துவோமோ என்று தோன்றுவதை இன்று வெளியிடாதீர்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். நான் எழுதியதற்கு உரிமம் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா?

எல்லாக் கேள்விகளிலும் சிக்கலானது இதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் பகுதியாக ஆக்கியதற்கு முதல் உரிமையாளர் பணி கொடுத்தவர். பாடநூல் குழுவில் அமர்ந்து எழுதியது, துறை உத்தரவின் பேரில் தயாரித்த கையேடு ஆகியவை உங்களுடையவை அல்ல; உங்கள் பெயர் உள்பக்கத்தில் இருந்தாலும். வீட்டில், சொந்த விருப்பத்தில், யாரும் பணிக்காமல் எழுதிய கதையோ பயிற்சித் தாளோ வேறு. இரண்டுக்கும் நடுவில் விழுபவை பல. பள்ளி நேரத்தில் பள்ளிக் கணினியில் செய்ததென்றால், வெளியிடும் முன் தலைமையாசிரியர் வழியாக ஒரு கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது.

உங்களுடையதே என்றாலும், உள்ளே இருக்கும் எல்லாமும் உங்களுடையவை அல்ல. பாடநூல் படத்தைக் கைப்பேசியில் எடுத்துத் தாளில் ஒட்டியிருந்தால் அந்தப் படத்துக்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. அதை எடுத்துவிட்டுக் கரும்பலகையில் நீங்களே வரைந்த படத்தைப் போடுங்கள், அல்லது 'இந்தப் படம் நீங்கலாக' என்று உரிம வரியில் எழுதுங்கள். மாணவர்களின் முகமும் குரலும் இருந்தால் பதிப்புரிமை வேறு, அந்தரங்கம் வேறு. திறந்த உரிமத்தில் போன படத்தை யாரும் எங்கும் வைக்கலாம் என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பெரும்பாலான பாடங்களுக்கு முகம் தேவையில்லை. சோதனை செய்யும் கைகள் மட்டும் தெரிந்தால் போதும்.